அத்தியாயம் 3: சென்னையில் கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு

சென்னையில் வேலை கிடைத்த மகிழ்ச்சி, வீடு தேடத் தொடங்கிய சில நாட்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். பிடித்த வீட்டுக்கு வாடகை கட்டாது. வாடகை கட்டுகிற வீட்டில் தண்ணீர் சரியிருக்காது. இரண்டும் அமைந்தால் ஓனர், "ஃபேமிலிக்கு மட்டும்தான் விடுவோம்" என்பார். மாதம் 25,000 முதல் 50,000 ரூபாய் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கும், வெளியூரிலிருந்து முதல்முறையாகச் சென்னைக்கு வரும் இளைஞர்களுக்கும் இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது.

இதில் வரும் எல்லா யோசனைகளுக்கும் அடிப்படை ஒன்றே. டு-லெட் போர்டு பார்த்து போன் செய்ததும் சொல்லப்படும் தொகை, அந்த வீட்டுக்கு நீங்கள் கொடுக்கப்போகும் விலையில் ஒரு பங்குதான். தண்ணீர், கரண்ட், வேலைக்குப் போய்வரும் செலவு, ஓனரிடம் முடங்கிக் கிடக்கும் அட்வான்ஸ், காலி செய்யும்போது பிடித்துக்கொள்ளும் பெயின்டிங் காசு எல்லாம் சேர்ந்ததே உண்மையான வாடகை. அந்த மொத்தத் தொகையைக் குறைத்தால்தான் வீடு மலிவாகக் கிடைத்தது என்று அர்த்தம். அதைக் குறைக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் முழுக் கணக்கு

தேடப் புறப்படும் முன் ஒரு தாளை எடுத்து இந்த ஐந்தையும் எழுதுங்கள்: வாடகை, மெயின்டனன்ஸ், தண்ணீர், கரண்ட், போக்குவரத்து. பார்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து இடத்தையும் நிரப்பிக் கூட்டுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. கணவன், மனைவி இருவருக்கும் கிண்டிப் பக்கம் வேலை என்று வைத்துக்கொள்வோம். முதல் வீடு குரோம்பேட்டையில், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில். வாடகை 13,000. மெயின்டனன்ஸ் 500, தண்ணீர் வாடகையிலேயே அடக்கம், கரண்ட் 500, ரயில் சீசன் டிக்கெட்டும் எப்போதாவது பிடிக்கும் ஆட்டோவும் சேர்த்து 900. மொத்தம் 14,900 ரூபாய். இரண்டாவது வீடு மேடவாக்கத்தைத் தாண்டி உள்ளே தள்ளி. வாடகை 10,000 மட்டுமே. ஆனால் மெயின்டனன்ஸ் 1,500, லாரித் தண்ணீர் பங்கு 800, சப் மீட்டர் கரண்ட் 1,200, இருவரின் பெட்ரோலும் ஷேர் ஆட்டோவும் 4,500. மொத்தம் 18,000. வாடகை 3,000 ரூபாய் குறைவாக இருந்த வீடு, மாதம் 3,100 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறது. உங்கள் கணக்கில் தொகைகள் மாறும். கூட்டும் முறை மாறாது.

ஒருமுறைச் செலவுகளைத் தனியாக எழுதுங்கள்: அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், அக்ரிமென்ட் செலவு, சாமான் ஏற்றும் வண்டி. அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் 7,000 ரூபாய் கிடைக்கும். அது ஓனரிடம் இருந்தால் உங்களுக்கு மாதம் ஏறக்குறைய 580 ரூபாய் போகிறது. வெளியில் கடன் வாங்கி அட்வான்ஸ் கொடுப்பவர்களுக்கு இந்தத் தொகை இன்னும் கூடும். இரண்டு வீடுகளுக்கு நடுவே தடுமாறும்போது, அட்வான்ஸ் குறைவாகக் கேட்பவரின் வீட்டில் வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நஷ்டமில்லை.

எந்தப் பகுதியில் தேடுவது?

அலுவலகத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதைவிட, எந்த ரயில் தடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சென்னையில் மிக மலிவான பயணம் மின்சார ரயில்தான். அதன் சீசன் டிக்கெட்டுக்கு ஆகும் செலவில் பைக்குக்கு ஒரு வாரம் பெட்ரோல் போடுவதே கடினம்.

தெற்குத் தடத்தில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போகப் போக வாடகை இறங்கும். ஆனால் 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் தேவை கூடியிருக்கிறது. மேற்குத் தடத்தில் பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, திருநின்றவூர். சென்ட்ரல் பக்கமோ அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தடம் தோதானது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயில் தடத்தில் திருவான்மியூர், தரமணி போன்ற இடங்களில் ஐ.டி. நிறுவனங்களால் வாடகை அதிகம்.

வடசென்னை என்றதும் பலர் பார்க்காமலேயே வேண்டாம் என்கிறார்கள். நகரின் மையத்துக்கு அருகில், குறைந்த வாடகையில் இன்னமும் வீடு கிடைக்கும் பகுதி அது. மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டதால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூரிலிருந்து அண்ணா சாலைக்கு வண்டி மாறாமல் போகலாம். கடைத்தெரு, பள்ளிக்கூடம், அரசு மருத்துவமனை எல்லாம் பக்கத்திலேயே உண்டு. எண்ணூர், மணலி பக்கம் பார்ப்பவர்கள் மட்டும் தொழிற்சாலைகளின் புகையையும் நெடியையும் கணக்கில் கொள்ள வேண்டும். குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ மூச்சுத் தொல்லை இருந்தால் அங்கே வேண்டாம்.

நகருக்குள்ளேயே இருக்க விரும்புபவர்கள், ஹவுசிங் போர்டு பழைய அடுக்குமாடிகளைத் தேடுங்கள். கே.கே. நகர், அசோக் நகர், முகப்பேர் போன்ற இடங்களில் வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்புகளில் தனியார் பெயரில் இருக்கும் வீடுகள் வாடகைக்கு வரும். லிஃப்ட் இருக்காது, அறைகள் சிறியவை. அதனாலேயே மேல்தள வீடுகளின் வாடகை குறையும். படியேற முடிந்தவர்களுக்கு அவை நல்ல வாய்ப்பு. நீச்சல் குளம், ஜிம் உள்ள புதிய குடியிருப்புகளில் அவற்றைப் பயன்படுத்தாவிட்டாலும் மெயின்டனன்ஸ் கட்டித்தான் ஆக வேண்டும்.

மெட்ரோ இரண்டாம் கட்டத் தடங்கள் பூந்தமல்லி, மாதவரம், சோழிங்கநல்லூர், சிறுசேரி சிப்காட் பக்கமெல்லாம் போகின்றன. ஒவ்வொரு பகுதியாக ரயில் ஓடத் தொடங்கும்போது அங்கே வாடகை ஏறும். அந்தப் பக்கம் குடிபோகிறவர்கள் வருடாந்தர உயர்வு எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.

பேருந்தில் போகிறவர்களுக்கு இரண்டு செய்திகள். குளிர்சாதனம் இல்லாத மாநகரப் பேருந்துகளில் மாதம் முழுக்க விருப்பம்போல் போய்வர 1,000 ரூபாய் பாஸ் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பெண்கள் வேலைக்குப் போகும் குடும்பம், அத்தகைய பேருந்துகள் அடிக்கடி வரும் நிறுத்தத்தின் அருகே வீடு பார்த்தால் போக்குவரத்துச் செலவில் பெரும்பகுதி மிச்சம். தனியாக வேலைக்கு வரும் பெண்கள், வந்ததும் வீடு பிடிக்க அவசரப்பட வேண்டாம். தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. சில மாதங்கள் அங்கே தங்கி, ஊரைப் புரிந்துகொண்டு தேடலாம்.

எப்போது தேடுவது?

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறக் கூடாது என்ற வழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. அந்த இரண்டு மாதங்களிலும் காலியான வீடு காலியாகவே கிடக்கும். ஓனரும் ஒரு மாத வாடகை போகிறதே என்ற கவலையில் இருப்பார். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால், பேரம் பேச இதைவிட நல்ல காலம் கிடையாது. நம்பிக்கை உள்ளவர்களும் ஆடியில் பார்த்துப் பேசி முடித்து, ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சலாம். பள்ளிகள் திறப்பதற்கு முன் மே மாதத்தில்தான் போட்டி கடுமையாக இருக்கும். முடிந்தால் அதைத் தவிருங்கள்.

எப்படித் தேடுவது?

செயலிகளில் தொடங்குவது எளிது. ஒரு பகுதியில் என்ன வாடகை ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் போன்றவை உதவும். ஆனால் குறைந்த வாடகை வீடுகளில் பெரும்பாலானவை அங்கே வருவதே இல்லை. சொந்த வீட்டின் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடும் வயதான தம்பதி, கேட்டில் அட்டை கட்டித் தொங்கவிடுவார்கள், அல்லது தெருமுனை மளிகைக் கடையில் சொல்லிவைப்பார்கள். அத்தகைய வீட்டைக் கால்நடையாகப் போய்த்தான் பிடிக்க முடியும்.

ஒரு ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றிப் பதினைந்து நிமிட நடை தூரத்துக்குள் உள்ள தெருக்களை ஞாயிறு காலையில் சுற்றி வாருங்கள். இஸ்திரி வண்டிக்காரர், பால் பூத் நடத்துபவர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஆகியோரிடம் கேளுங்கள். எந்த வீடு அடுத்த மாதம் காலியாகும் என்பது இஸ்திரிக்காரருக்கு ஓனரைவிட முன்பே தெரிந்திருக்கும். போர்டு வைப்பதற்கு முன்பே போய் நின்றால் பத்துப் பேரோடு போட்டி போட வேண்டியதில்லை.

புரோக்கர் மூலம் போனால் வழக்கமாக ஒரு மாத வாடகை கமிஷன். சிலர் அரை மாதத்துக்கும் ஒப்புக்கொள்வார்கள். வீடு காட்டும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். அக்ரிமென்ட் கையெழுத்தான பிறகே கமிஷன் என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டைக் காட்டுவதற்கே காசு கேட்பவரிடம் போக வேண்டாம்.

இணையத்தில் ஒரு மோசடி தொடர்ந்து நடக்கிறது. நல்ல வீட்டின் படம், நம்ப முடியாத குறைந்த வாடகை. போன் செய்தால், "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வெளிமாநிலத்தில் டியூட்டி, டோக்கன் அட்வான்ஸ் போடுங்கள், சாவி வந்துவிடும்" என்பார்கள். அடையாள அட்டைப் படமும் அனுப்புவார்கள். வீட்டுக்குள் கால் வைக்காமல், ஓனரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

வீட்டைப் பார்க்கும்போது

முதலில் தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. மார்பிள் தரையும் மாடுலர் கிச்சனும் பார்த்து மயங்குவதற்கு முன், குழாயைத் திறங்கள்.

ஒரே குழாயைத் திறந்தால் போதாது. சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, வேகம் குறைகிறதா பாருங்கள். ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினால் உப்புக் கரிப்பு தெரிந்துவிடும். பக்கெட்டின் உள்பக்கம், டாய்லெட் டைல்ஸ், குழாயின் வாய் ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் கடினநீர். பழுப்பாகக் கறை படிந்திருந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்து. பிறகு மாடியிலோ எதிர் போர்ஷனிலோ இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். உரையாடல் இப்படிப் போகலாம்:

"அக்கா, கீழ் போர்ஷன் பார்க்க வந்தோம். தண்ணி எப்படிக்கா?"

"மெட்ரோ வாட்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும்பா. சம்ப்ல பிடிச்சுக்குவோம். போர் தண்ணி எப்பவும் இருக்கு. ஆனா துணிக்குப் போட்டா நுரையே வராது. ராத்திரி குடத்துல பிடிச்சு வெச்சா காலையில மஞ்சளாயிடும்."

"கோடையில?"

"லாரிதான். போன வருஷம் ஆளுக்குக் காசு போட்டு வாங்கினோம்."

இந்த இரண்டு நிமிடப் பேச்சில் உங்கள் கணக்குத் தாளின் தண்ணீர் வரிசை நிரம்பிவிட்டது. ஓனரிடம் கேட்டிருந்தால் "தண்ணி பிரச்சினையே இல்ல சார்" என்பதோடு முடிந்திருக்கும்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. இந்தப் பகுதிகளில் எல்லாத் தெருவும் மூழ்குவதில்லை. தெருவுக்குத் தெரு நிலை மாறும். ஆகவே காம்பவுண்டு சுவரைக் கூர்ந்து பாருங்கள். ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோல் நிறம் மாறியிருந்தால் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. கீழ்ப் பாதி மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் காரணம் கேளுங்கள். வீட்டுத் தரை, தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரோடு போடப் போட உயர்ந்து, பழைய வீடுகள் பள்ளத்தில் இறங்கிய தெருக்கள் நிறைய உண்டு. அங்கே தரைத்தளம் வேண்டாம். தெருக் கடைக்காரரிடம் "மிக்ஜாம் அப்போ இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" என்று கேட்டால், முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்.

மூன்றாவது, மீட்டர் பெட்டி. படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் ஈ.பி. பெட்டியைத் திறந்து, உங்கள் போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். ஒரே இணைப்பை மூன்று குடித்தனங்களுக்குப் பிரித்து சப் மீட்டர் போட்டிருந்தால், இலவச யூனிட் மூவருக்கும் சேர்த்து ஒருமுறைதான். மொத்தப் பயன்பாடும் உயர்ந்த கட்டணப் படிக்குப் போய்விடும். ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஒரே விலை வைத்து வசூலிப்பதும் உண்டு. சிக்கனமாகக் கரண்ட் செலவழிக்கும் சிறு குடும்பத்துக்கு இதில் நஷ்டம் அதிகம். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை 300, 400 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் பல நேரங்களில் அதுவே லாபம்.

மற்றவை சுருக்கமாக: கூரை மூலைகளில் ஈரக்கசிவு, பீரோவுக்குப் பின்பக்கச் சுவரில் பூஞ்சை, மொட்டை மாடிக்குக் கீழேயே வீடு என்றால் வெயில் நேரத்துச் சூடு, பாத்ரூமில் தண்ணீர் வடியும் வேகம், வீட்டுக்குள் செல்போன் சிக்னல், இரவு எட்டு மணிக்குத் தெருவிளக்கு. பகலில் பார்த்த வீட்டை ஒருமுறை இரவிலும் போய்ப் பாருங்கள்.

ஓனரிடம் பேசும்போது

"எத்தனை பேர், எங்கே வேலை, சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள். இதற்கு நேராகப் பதில் சொல்லலாம். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியும், வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்ற விசாரணையும், பெயரைக் கேட்டவுடனேயே "வீடு முடிஞ்சிருச்சு" என்ற பதிலும் இந்த நகரத்தில் அன்றாடம் நடப்பவை. இஸ்லாமியர்கள், தலித்துகள், தனியாக வாழும் பெண்கள், திருநர்கள் இதை அதிகமாகச் சந்திக்கிறார்கள். வாடகையைக் கொடுத்துக் குடியிருக்க வருபவரிடம் சாதியைக் கேட்பது அநியாயம். அந்த அவமானத்தில் கேட்கப்பட்டவருக்குப் பங்கு எதுவும் இல்லை. நடைமுறையில் இரண்டு வழிகள் உதவும். ஒன்று, வீட்டைப் பார்ப்பதற்கு முன் போனிலேயே உங்கள் பெயரையும் விவரத்தையும் சொல்லிவிடுவது, அலைச்சலாவது மிச்சமாகும். இன்னொன்று, அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் நண்பர், உடன் வேலை பார்ப்பவர் மூலம் போவது. ஒருவர் அறிமுகம் செய்து வைத்தால் பல கதவுகள் திறக்கின்றன. பேச்சிலர்கள் அலுவலக அடையாள அட்டை, ஊரிலுள்ள பெற்றோரின் போன் நம்பர், முந்தைய ஓனரின் நம்பர் ஆகிய மூன்றையும் கையோடு கொண்டுபோனால் தயங்கும் ஓனரும் பேச உட்காருவார்.

வாடகையில் மட்டும் பேரம் பேசாதீர்கள். ஓனர் வாடகையில் 500 ரூபாய் குறைக்க மறுத்தாலும் வேறு இடங்களில் இறங்கி வருவார். அட்வான்ஸில் இரண்டு மாதம் குறைப்பது, முதல் வருடம் ஏற்றாமல் இருப்பது, வீட்டுக்கு ஃபேனும் கொசுவலையும் போட்டுத் தருவது, மாதத்தின் பாதியில் குடிபோனால் அந்த மாதத்துக்குப் பாதி வாடகை வாங்குவது என்று கேட்கப் பல உண்டு. "மாதம் ஐந்தாம் தேதிக்குள் அக்கவுண்டில் போட்டுவிடுவேன், மூன்று வருஷமாவது இருப்பேன்" என்ற உறுதி ஓனருக்குப் பெரிய விஷயம். அதைச் சொல்லிவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.

அட்வான்ஸும் அக்ரிமென்ட்டும்

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்று இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகைக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். இதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. "11 மாதம்தானே, பதிவு வேண்டாம்" என்ற பேச்சு இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது.

2. தனியாக வேறு ஒப்புதல் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது செல்லும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பேசுங்கள்.

3. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

4. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை சட்டத்தின் அட்டவணைப்படி ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கத்தை இதைக் காட்டித் தொடக்கத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

5. தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்ட்டையோ ஓனர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.

அக்ரிமென்ட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டியவை: வாடகை, மெயின்டனன்ஸில் என்னென்ன அடக்கம், கரண்ட் கணக்கிடும் முறை, லாரித் தண்ணீர் வாங்கினால் யார் கொடுப்பது, வருடாந்தர உயர்வு எத்தனை சதவீதம், இரு பக்கமும் எத்தனை மாத நோட்டீஸ், பெயின்டிங், பார்க்கிங். கையெழுத்துப் போடுபவர்தான் ஓனரா என்பதை வீட்டுவரி ரசீதையும் ஈ.பி. பில்லையும் பார்த்து உறுதி செய்யுங்கள். அட்வான்ஸையும் வாடகையையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால், தேதி போட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

போக்கியத்துக்குப் போகலாமா?

"ஐந்து லட்சம் கொடுங்கள், மூன்று வருஷம் வாடகையே வேண்டாம்" என்ற பேச்சு கேட்க இனிமையாக இருக்கும். சென்னையில் லீஸ் என்று சொல்லப்படும் போக்கியம் இது. வாழ்நாள் சேமிப்பை முழுவதும் ஒருவர் கையில் கொடுப்பதால், அபாயமும் அந்த அளவுக்குப் பெரியது. ஓனர் அந்த வீட்டை ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்து, தவணை கட்டாமல் விட்டால் வங்கி வந்து வீட்டைப் பூட்டும். இடைத்தரகர் ஒருவர் ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்த வீட்டை, ஓனருக்கே தெரியாமல் உங்களுக்குப் போக்கியத்துக்கு விட்டுக் காணாமல் போகவும் கூடும்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதைப் பாருங்கள். அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டுமே இருக்கிறது என்றால் அசல் எங்கே என்று விடாமல் கேளுங்கள். ஓனரிடமே நேரில் பேசி, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவுக்கு மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ போக்கியத்துக்குப் போகவே வேண்டாம்.

குடிபோகும் நாளும் காலி செய்யும் நாளும்

சாமான் இறக்குவதற்கு முன், வெறும் வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். உடைந்த டைல்ஸ், கீறல் விழுந்த கதவு, ஒழுகும் குழாய், கரண்ட் மீட்டரின் அளவு எல்லாம் அதில் இருக்கட்டும். அன்றே அதை ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் "இதை நீங்கதான் உடைச்சீங்க" என்ற பேச்சுக்கு இது ஒன்றே பதில். புதிய முகவரிக்கு கேஸ் இணைப்பை மாற்றுவதற்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அக்ரிமென்ட் நகல் உதவும். சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி வாங்குபவர்கள் மாதா மாதம் ரசீது வாங்கி வைப்பது நல்லது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அலுவலகத்தில் ஓனரின் பான் எண்ணும் கேட்பார்கள். அதைத் தருவாரா என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

காலி செய்ய முடிவெடுத்தால் நோட்டீஸை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்திலும் அனுப்புங்கள். கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று அப்போதே கேளுங்கள். ஓனர் ஒப்புக்கொண்டால் திருப்பி வாங்க வேண்டிய தொகை குறையும், பின்னால் அலையும் வேலையும் குறையும். சாவியைக் கொடுக்கும்போது மீட்டர் அளவைக் குறித்து, கணக்கைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு பட்டியல்

• ஐந்து வரிசைக் கணக்கின் மொத்தத் தொகை
• இரண்டு குழாய் ஒன்றாகத் திறந்து பார்த்தது. கோடைத் தண்ணீர் பற்றி அக்கம்பக்கம் கேட்டது
• 2015, 2023 மழையில் தெருவின் நிலை
• தனி ஈ.பி. சர்வீஸ் நம்பர்
• ஓனரின் பெயரில் வீட்டுவரி ரசீது
• அட்வான்ஸ், உயர்வு, நோட்டீஸ், பெயின்டிங் நான்கும் எழுத்தில்
• பதிவு எண்
• வெறும் வீட்டின் வீடியோ

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கேட்டதற்காக ஓனர் முகம் சுளித்தால் கவலைப்படாதீர்கள். ஒவ்வொரு மாதமும் உழைத்த காசைக் கொடுக்கிறீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேள்வி கேட்ட பிறகும் வீடு கொடுக்கும் ஓனர்கள் சென்னையில் நிறைய இருக்கிறார்கள். அவர்களோடுதான் வருடக்கணக்கில் நிம்மதியாகக் குடியிருக்க முடியும்.

அதுபோல ஒரு நல்ல வீட்டிலிருந்து நீங்கள் காலி செய்யும் நாள் வரும்போது, போர்டு தொங்குவதற்கு முன்பே அலுவலகத்திலும் நண்பர்களிடமும் சொல்லுங்கள். தண்ணீர் எப்படி, கரண்ட் எவ்வளவு, ஓனர் எப்படிப்பட்டவர் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். வீடு தேடி அலையும் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாத வாடகைக் கமிஷனும் பல வார அலைச்சலும் அதனால் மிச்சமாகும்.